பெட்டியில் உள்ள கடிதம் யாருடையது?

நம் சங்கத்து அன்பர்கள் சிலர் கொஞ்ச நாட்களாக ஒரு யோசனையைச் சொல்லி வருகிறார்கள். பெங்களூருக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களிடம் உள்ள பழைய கடிதங்களைத் திரட்டி, ஒரு மலராக அச்சிட வேண்டும் என்பது அந்த யோசனை. நல்ல யோசனைதான். நானும் வரவேற்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு வரவேற்கிறேன். கடிதத்தை வைத்திருப்பவரின் சம்மதம் மட்டும் போதாது. எழுதியவரின் சம்மதமும் வேண்டும். எழுதியவர் காலமாகிவிட்டால் அவருடைய வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

இதைச் சொன்னால், "எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் கடிதத்தை அச்சில் போட நாங்கள் யாரைக் கேட்க வேண்டும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றுகிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு உலகம் ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதில் நம்மில் பலருக்குத் தெரியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல. டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே உத்தியோக காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு கிடைத்த நேரத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கடிதங்களின் அருமை

முதலில், கடிதங்களைத் திரட்டுவது ஏன் அவசியம் என்பதை நானும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். 1809-ல் பெங்களூரில் கண்டோன்மெண்ட் ஏற்பட்ட காலம் முதலே தமிழர்கள் இங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வரத்து இன்னும் பெருகியது. பின்னி மில்லுக்கும், கோலார் தங்கவயலுக்கும், பிறகு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். தொழிற்சாலைகளுக்கும் வேலை தேடி வந்தவர்களின் கதையை எந்தச் சரித்திரப் புத்தகமும் முழுதாக எழுதவில்லை. அது கார்டிலும் இன்லண்டு லெட்டரிலும்தான் இருக்கிறது. வாடகை எவ்வளவு, அரிசி என்ன விலை, குளிர் எப்படி, அக்கம்பக்கத்தில் என்ன பாஷை பேசுகிறார்கள், சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று எல்லாம் அதில் இருக்கும்.

வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலத்தில் ரயில்தான் நம்முடைய குரலைச் சுமந்து சென்றது. ரயில் புறப்படும் நேரத்தில் பிளாட்பாரத்தில் ஓடி வந்து ஆர்.எம்.எஸ். பெட்டியில் கடிதம் போட்டுவிட்டு மூச்சு வாங்க நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அவசரத்தில் அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள்? மனதில் இருந்ததை அப்படியே எழுதியிருப்பார்கள். கடிதத்தின் மதிப்பும் அதுதான், ஆபத்தும் அதுதான். நாலு பேர் படிப்பார்கள் என்று நினைத்து எழுதியதல்ல அது. ஒரே ஒருவர் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதியது.

ஒரு விழா மலர்

சில வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவருக்கு முத்து விழா நடந்தது. எல்லாரும் மதிக்கும் பெரியவர். இளம் வயதில் பெங்களூருக்கு வந்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர். பேரப் பிள்ளைகள் சேர்ந்து விழா மலர் ஒன்று தயாரித்தார்கள். புகைப்படங்கள், வாழ்த்துரைகள், அவருக்கு வந்த பழைய கடிதங்கள் என்று மலர் அழகாகவே இருந்தது.

அந்தக் கடிதங்களில் ஒன்று, காலமாகிவிட்ட அவருடைய தங்கை 1974-ல் எழுதிய இன்லண்டு லெட்டர். "அன்புள்ள அண்ணாவுக்கு" என்று தொடங்குகிறது. புகுந்த வீட்டில் தான் படும் பாடு, கணவரின் குடி, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கே நேர்ந்த கஷ்டம் எல்லாவற்றையும் எழுதி, 200 ரூபாய் அனுப்பும்படி கேட்டிருக்கிறார். கடைசியில், இது அண்ணிக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று ஒரு வரி. அந்த வரியும் மலரில் அப்படியே அச்சாகியிருந்தது. தாத்தாவின் தாராள மனதுக்கு இது சாட்சி என்று பேரன் நினைத்திருக்கிறான். அவன் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை.

ஆனால் அந்தத் தங்கையின் மகள் அன்று பந்தலில் இருந்தார். அவருடைய சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மலர் கையில். அந்தப் பக்கத்தைப் படித்ததும் அவர் மலரை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு, பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டார். பிறகு பேரனிடம் நான் கேட்டேன், "உங்கள் அத்தையை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று. அவன் சொன்ன பதில்: "மாமா, தாத்தாவுக்கு வந்த கடிதம்தானே? தாத்தாதானே எடுத்துக் கொடுத்தார்?"

இந்தப் பதிலில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. இதே பதிலை லண்டனில் ஒரு புத்தக வியாபாரி 1741-ல் நீதிமன்றத்தில் சொன்னான்.

போப்பும் கர்லும்

அலெக்சாண்டர் போப் அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய கவிஞர். ஹோமரின் காவியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பேரும் பணமும் சம்பாதித்தவர். 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனாதன் ஸ்விஃப்ட் அவருடைய நண்பர். அயர்லாந்தில் இருந்த ஸ்விஃப்டுக்கும் இங்கிலாந்தில் இருந்த போப்புக்கும் பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து இருந்தது. எட்மண்ட் கர்ல் என்ற வியாபாரி, யாருடைய எழுத்து கிடைத்தாலும் கேட்காமல் அச்சிட்டு விற்பதில் பேர் போனவன். 1741-ல் இந்த இருவரின் கடிதங்களையும் ஒரு புத்தகமாக்கிக் கடையில் வைத்துவிட்டான். போப் வழக்குப் போட்டார்.

கர்லின் தரப்பில் பல வாதங்கள் வைக்கப்பட்டன. கடிதம் என்பது பெறுகிறவருக்குக் கொடுத்துவிட்ட பரிசு, கொடுத்த பொருளின் மேல் கொடுத்தவருக்கு உரிமை கிடையாது என்பது ஒன்று. 1710-ல் ஆன் அரசி காலத்தில் வந்த சட்டம் புத்தகங்களைத்தான் பாதுகாக்கிறது, குசலம் விசாரிக்கும் கடிதங்களை அல்ல என்பது இன்னொன்று. இவை ஏற்கெனவே டப்ளினில் அச்சானவை, ஆகவே இங்கே யாரும் மறுபடி அச்சிடலாம் என்பது மூன்றாவது.

அப்போது இங்கிலாந்தின் லார்டு சான்சலராக இருந்தவர் ஹார்ட்விக் பிரபு. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தீர்ப்புச் சொன்னார். மூன்று வாதங்களையும் அவர் ஏற்கவில்லை. கடிதம் பெற்றவருக்கு அதிகம் போனால் அந்தக் காகிதத்தின் மேல்தான் உரிமை. அதை ஊரறிய அச்சிடும் உரிமை அவருக்கு வந்துவிடாது என்றார். சாதாரண வீட்டு விஷயங்களைப் பேசும் கடிதம் என்பதால் அதற்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் இரண்டாவது பாதி. புத்தகத்தில் போப் எழுதிய கடிதங்களும் இருந்தன, போப்புக்கு ஸ்விஃப்ட் எழுதிய கடிதங்களும் இருந்தன. இரண்டையுமே தடுக்க வேண்டும் என்று போப் கேட்டார். நீதிபதி, போப் எழுதியவற்றுக்கு மட்டும் தடை விதித்தார். மற்றவை போப் பெற்ற கடிதங்கள். பெற்றவர் என்ற முறையில் போப்புக்கும் அவற்றின் சொல்லின் மேல் உரிமை இல்லை என்றாகிவிட்டது. கர்லுக்கு எந்தக் கோலோ, அதே கோல்தான் கவிஞருக்கும்.

போப் ஒன்றும் அப்பாவி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு 6 ஆண்டுகள் முன்னால், 1735-ல், இதே கர்ல் போப்பின் கடிதங்களை வெளியிட்டு, பிரபுக்கள் சபை வரைக்கும் விவகாரம் போனது. அந்தக் கடிதங்களை மறைமுகமாகக் கர்லிடம் சேர்ப்பித்தவரே போப்தான் என்பது பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது. 'திருட்டுப் பதிப்பு வந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் நானே வெளியிடுகிறேன்' என்று சொல்லிக்கொண்டு, 1737-ல் தன் கடிதங்களைத் திருத்தி, மெருகேற்றி வெளியிட அவருக்கு அது சாக்காயிற்று. வழக்குப் போட்டவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், சொல்லப்பட்ட நியாயம் நின்றுவிட்டது.

பார்சலும் கடிதமும்

ரயில்வேக்காரன் கண்ணோடு பார்த்தால் இது எளிதில் விளங்கும். பார்சல் அனுப்பினால் ரயில்வே ரசீது ஒன்று கிடைக்கும். அதில் அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர் இரண்டும் இருக்கும். பெறுநர் அந்த ரசீதைக் காட்டிப் பார்சலை எடுத்துக்கொண்டு போனபின் அனுப்புநருக்கும் அந்தச் சரக்குக்கும் சம்பந்தம் முடிந்தது. மாம்பழக் கூடையானால் அவர் சாப்பிடலாம், விற்கலாம், ஊருக்கெல்லாம் கொடுக்கலாம்.

கடிதத்திலும் அனுப்புநர், பெறுநர் என்றுதான் எழுதுகிறோம். ஆனால் கடிதத்தில் இரண்டு சரக்கு போகிறது. ஒன்று காகிதம். இன்னொன்று அதில் உள்ள சொல். காகிதம் பெறுநரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவர் வைத்துக்கொள்ளலாம், கிழிக்கலாம், பெட்டியில் பூட்டலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். சொல்லைப் பொறுத்தவரை அவருக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதிதான். அச்சிடும் உரிமை அனுப்புநரோடே தங்கிவிடுகிறது.

எழுதியவர் இறந்த பிறகு?

நம் வீட்டுக் கடிதங்களில் பெரும்பாலானவை காலமாகிவிட்டவர்கள் எழுதியவை. அவர்கள் விஷயம் என்ன? இதற்கும் பழைய வழக்கு உண்டு. செஸ்டர்ஃபீல்டு பிரபு தன் மகன் பிலிப்புக்கு, சிறுவயதிலிருந்தே புத்திமதிக் கடிதங்கள் எழுதி வந்தார். மகன் 1768-ல் இறந்துபோனார், தந்தை 1773-ல். கடிதங்கள் மகனின் விதவை மனைவியிடம் இருந்தன. அவர் அவற்றை ஒரு பதிப்பாளருக்கு 1,500 கினிக்கு விற்றார். உடனே பிரபுவின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். போப் வழக்கின் தீர்ப்பையே ஆதாரமாகக் காட்டி 1774-ல் தடை பெற்றார்கள். பிறகு இரு தரப்பும் சமாதானமாகி, அதே ஆண்டில் புத்தகம் வெளிவந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. எழுதியவர் போனபின்னும் உரிமை போய்விடவில்லை. அது அவர் தரப்பாருக்குப் போயிற்று. அதே சமயம், உரிமை இருந்ததால் புத்தகம் நின்றுவிடவும் இல்லை. பேசி முடித்து வெளியே வந்தது. முதலிலேயே கேட்டிருந்தால் நீதிமன்றச் செலவு மிச்சம்.

1841-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்கள் பற்றி ஒரு வழக்கு வந்தது. ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்ற அறிஞர் அந்தக் கடிதங்களை உரிமை பெற்று 12 தொகுதிகளாகப் பதிப்பித்திருந்தார். வேறொருவர் இரண்டு தொகுதியில் வாஷிங்டன் வரலாறு எழுதி, அதில் 353 பக்கங்களை இவர் பதிப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கடிதங்கள் நாட்டுத் தலைவருடையவை, இலக்கியமும் அல்ல, ஆகவே யாரும் எடுக்கலாம் என்று வாதம் செய்தார்கள். நீதிபதி ஜோசப் ஸ்டோரி அதை ஏற்கவில்லை. கடிதம் யார் எழுதினாலும், எதைப் பற்றி எழுதினாலும், உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்குமே என்றார். அதோடு, விமர்சனத்துக்கோ ஆராய்ச்சிக்கோ கொஞ்சம் எடுத்தாளுவது வேறு, முழுதாக வாரிக்கொள்வது வேறு என்பதற்கும் அளவுகோல் சொன்னார்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியின் மனைவி மேகன் தன் தந்தைக்கு 2018-ல் எழுதிய கடிதத்தை, அந்தத் தந்தையே கொடுத்ததன் பேரில், லண்டன் ஞாயிறு பத்திரிகை ஒன்று 2019-ல் வெளியிட்டது. மேகன் வழக்குப் போட்டு 2021-ல் வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் பத்திரிகையின் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பெற்ற தகப்பனே ஆனாலும், பெற்ற கடிதத்தை அச்சுக்குக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இதன்படி எழுத்தின் முதல் உரிமையாளர் எழுதியவர். பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரையும், அவருக்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். முன்பு 50 ஆண்டாக இருந்தது. தாகூரின் படைப்புகளுக்கு உரிமை முடியும் தறுவாயில், 1992-ல் இதை 60 ஆக்கினார்கள். எழுதியவர் வாழ்நாளில் அச்சேறாமல், அவருக்குப் பிறகு முதல் தடவையாக அச்சேறும் எழுத்துக்குத் தனிக் கணக்கு. அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்துதான் 60 ஆண்டு எண்ணப்படும். பெட்டிக்குள் இருக்கிற கடிதத்துக்குக் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

எழுத்துரிமையும் வீடு, நிலம் போல உயிலாலும் வாரிசு முறையாலும் கைமாறும். கன்னடப் பேரறிஞர் சிவராம காரந்த் 1997-ல் மறைந்த பிறகு, அவர் உருவாக்கிய யக்ஷகான நாட்டிய நாடகங்களின் உரிமை யாருக்கு என்று, அவர் உயிலின்படி உரிமை கோரியவருக்கும் மணிப்பாலில் உள்ள கல்வி அமைப்புக்கும் வழக்கு நடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் 2009-ல்தான் முடிந்தது. உயிலில் உள்ள வாசகத்தை வைத்தே நீதிபதிகள் முடிவு சொன்னார்கள்.

இப்போது முத்து விழா மலரை நினைத்துப் பாருங்கள். அந்த இன்லண்டு லெட்டர் பெரியவருடையது. அதில் மறுப்பே இல்லை. ஆனால் அதில் உள்ள சொற்கள் தங்கையுடையவை. அவருக்குப் பிறகு அவருடைய வாரிசுகளுடையவை. அதாவது, பந்தியில் உட்காராமல் எழுந்து போனாரே, அந்த மகளுக்கும் உரியவை. மலர் போட்டவர்கள் உலகத்தில் எல்லாரையும் கேட்டார்கள், கேட்க வேண்டிய ஒருவரை மட்டும் கேட்கவில்லை.

சொல்லின் உரிமை ஒரு பக்கம், அந்தரங்கம் இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் 'ஆட்டோ' சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்திரிகையை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் இல்லை. பொது ஆவணங்களில் உள்ளதை யாரும் எழுதலாம் என்றார்கள். அதே தீர்ப்பில், ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்றும் சொன்னார்கள். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்மானித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் ஊர்க்காரர்; கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி அவர்கள். எண்பது வயதைத் தாண்டிய பிறகு இதற்காக வழக்குப் போட்டவர். 2024-ல் காலமானார்.

"இப்படியெல்லாம் பார்த்தால் சரித்திரம் மிஞ்சுமா?"

என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டார். பலமான கேள்விதான். புதுமைப்பித்தன் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று 1994-ல் புத்தகமாக வந்தபோது, எழுத்தாளர் என்ற பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைத் தமிழ் உலகம் பார்த்தது. பரலி சு. நெல்லையப்பருக்குப் பாரதி எழுதிய கடிதம் கிடைக்காமல் போயிருந்தால் எவ்வளவு பெரிய நஷ்டம்! கும்பகோணத்து ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை ஹார்டி குப்பைக் கூடையில் போடாமல் வைத்திருந்ததால்தான் இன்று உலகமே அதைப் படிக்கிறது.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்திரப்படுத்துவது வேறு, அச்சிடுவது வேறு என்பதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் தனக்கு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்தார். அவர் பெயரால் சென்னையில் 1943-ல் ஏற்பட்ட நூல்நிலையத்தில் அவை இருந்தன. 1877 முதல் 1900 வரை அவருக்கு வந்தவை 2018-ல் தொகுப்பாக வெளிவந்தன. எழுதியவர்கள் காலம் முடிந்து, அவர்களுக்குப் பின் இரண்டு மூன்று தலைமுறையும் போன பிறகு, அறிஞர் பதிப்பாக வந்தது. யாருடைய மனமும் புண்படவில்லை, சரித்திரமும் தப்பியது.

நம் சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ உள்ள அச்சேறாத எழுத்தை, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால், ஆராய்ச்சிக்கும் வெளியிடும் நோக்கத்துக்கும் பிரதி எடுக்கலாம் என்று இருக்கிறது. எழுதியவர் இறந்துபோய், அல்லது யாரென்றே தெரியாமல், உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், முறையாக விண்ணப்பம் செய்து அனுமதி பெறவும் வழி இருக்கிறது. ஆகவே கதவு மூடியிருக்கவில்லை. தட்டிவிட்டு உள்ளே வா என்றுதான் சட்டம் சொல்கிறது.

"நம் வீட்டு விஷயத்துக்கு யார் கோர்ட்டுக்குப் போகப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. யாரும் போக மாட்டார்கள், அது உண்மை. அந்த மகளும் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் இரண்டு கிளைகளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு உறவு என்று இருப்பதே நாலு வீடுதான். அதில் ஒன்றை ஒரு பக்க அச்சுக்காக இழப்பதா?

என்ன செய்யலாம்?

மலர் வேலையில் இறங்கும் அன்பர்களுக்கு என் யோசனைகள் இவை.

முதலாவது, கடிதம் கொடுப்பவரிடம் எழுதியவர் யார், அவர் இருக்கிறாரா, இல்லையென்றால் அவர் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களிடம் கடிதத்தின் பிரதியைக் காட்டி, ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். இன்று கைபேசியில் ஐந்து நிமிடத்தில் படம் அனுப்பிப் பதில் வாங்க முடியும். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே சம்மதிப்பார்கள். சிலர் ஒரு பத்தியை எடுத்துவிட்டுப் போடச் சொல்வார்கள். அப்படியே செய்வோம்.

இரண்டாவது, கடிதத்தில் மூன்றாம் மனிதரைப் பற்றி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். யாருக்கு என்ன வியாதி, யாருக்கு எவ்வளவு கடன், எந்தச் சம்பந்தம் தட்டிப் போயிற்று என்பதெல்லாம் சரித்திரத்துக்கு வேண்டாம். அரிசி விலை போதும்.

மூன்றாவது, அச்சில் போட முடியாத கடிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அவை பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். அவற்றை உறையிலிட்டு, இன்ன ஆண்டு வரை திறக்க வேண்டாம் என்று குறித்து, ஒரு நல்ல நூலகத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யலாம். அங்கே காத்திருந்தால் அவற்றுக்கும் ஒரு நாள் வரும்.

நான்காவது, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டி, நீங்கள் எழுதிய இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கலாமா?" என்று கேட்க என்ன கூச்சம்? உயில் எழுதுகிறவர்கள் வீட்டையும் நகையையும் எழுதும்போது, கடிதங்களைப் பற்றியும் ஒரு வரி எழுதி வைக்கலாம்.

ஐந்தாவது, இளைஞர்களுக்கு. அச்சு என்றால் மலர் மட்டும் அல்ல. தாத்தாவின் கடிதத்தைப் படம் எடுத்து 150 பேர் உள்ள குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்களே, மலர் கூட 150 பிரதிதான் அடிக்கிறார்கள். மலர் பரணுக்குப் போய்விடும். இது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியாது.

ஆகவே, மலர் வரட்டும். அல்சூரிலும், ஸ்ரீராமபுரத்திலும், சிவாஜிநகரிலும், தங்கவயலிலும் பரண்மேல் தூங்கும் கடிதங்கள் கீழே இறங்கட்டும். அனுமதிக் கடிதத்தின் வாசகத்தை எழுதித் தரவும், வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடிக்கவும் நான் தயாராக இருக்கிறேன். உத்தியோகத்தில் இருந்தவரை வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தின் மேல் நடந்தவனுக்கு, நாலு வீட்டுப் படி ஏறுவது பெரிய வேலை இல்லை. கடிதம் வைத்திருக்கும் அன்பர்கள், எழுதியவர் பெயரையும் அவர் வாரிசுகளின் விலாசத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அங்கிருந்து ஆரம்பிப்போம்.